கதவுக்குப் பின்னால் மாமனார்

அத்தியாயம் ஒன்பது

தெருவைத் தோண்டுகிறவர்கள் கடைசியில் மெத்தைக்கடை வாசலுக்கே வந்துவிட்டார்கள்.

சாக்கடைக் குழாய் மாற்றுகிறோம் என்று தெருமுனையில் ஆரம்பித்த பள்ளம், ஊர்ந்து ஊர்ந்து இன்று காலை கடைப்படியைத் தொட்டது. நாளையிலிருந்து ஒரு வாரத்துக்கு இந்தப் பக்கம் யாரும் வர முடியாது. வந்தாலும் வாங்கிய மெத்தையைத் தலையில் சுமந்துகொண்டு பள்ளம் தாண்ட வேண்டும். கடை திறந்த நாள் முதல் கடைக்காரரான பெரியவர் ஒரு வாரம் சேர்ந்தாற்போல ஷட்டரை இறக்கியதில்லை. இப்போது வேறு வழியில்லை.

அந்த வழியற்ற வாரத்தைப் பார்த்துத்தான் தையலம்மா சில நாள் முன்பு சாப்பாட்டு மேஜையில் வாய் திறந்திருந்தாள்.

"கடல்ல கால் நனைக்கணும்போல இருக்கு."

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

தையலம்மா பெரியவரின் மனைவி. கடையின் பின்னறையில் உட்கார்ந்து மெத்தை உறையும் தலையணை உறையும் தைத்துத் தைத்தே தெருவில் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. கல்யாணமாகி வந்ததிலிருந்து புருஷனிடம் இது வேண்டும் அது வேண்டும் என்று கேட்டவள் இல்லை. கேட்காத வாய் கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். பெரியவருக்கு அந்த மரியாதை தெரியும்.

மகன் வேனில் சரக்கு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தான். பயண ஏற்பாட்டை மருமகளிடம் விட்டுப் போயிருந்தான். அவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களையே வரிசையில் உட்கார வைத்துப் பழகியவள். மாமனாரை உட்கார வைப்பதுதான் அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது.

போவது அந்தத் தீவுக்கு. நீலத் தண்ணீரும் வெள்ளை மணலும் சாய்ந்த தென்னையுமாக எல்லோர் போனிலும் படம் இருக்குமே, அதே தீவுதான். சீசனில் போனவர்கள் தோல் கறுத்து, பை காலியாகித் திரும்புவார்கள். மருமகள் வேறு விதமாகத் திட்டம் போட்டிருந்தாள். மழை விட்டும் விடாமலும் இருக்கும் மாதம், வார நடுவில் பயணம், விமானம் வேண்டாம், படகு போதும். சமையல் மேடை வைத்த அறையாகப் பார்த்துவிட்டால் சாப்பாட்டுச் செலவும் மிச்சம். எல்லாம் சரி, அறை மட்டும் அமையவில்லை. அமையவிடாதவர் பெரியவர்.

"மாமா, இன்னிக்கு ரூம் முடிவாகலேன்னா நாளைக்குப் படகுல போய் நீங்களும் அத்தையும் மணல்லதான் படுக்கணும்" என்றாள் மருமகள், காலைத் தேநீரை அவர் முன்னால் வைத்தபடி.

"நேத்து நீ காட்டின கட்டிலுக்கு மணலே தேவலை."

"அதுல என்ன குறை?"

"படத்தைப் பெருசாக்கு. நடுவுல பார், குழி. ரெண்டு பேர் ரெண்டு ஓரத்துல படுத்தா, தூக்கத்துல உருண்டு நடுவுல வந்து முட்டிக்கணும்."

"இந்த வயசுல எனக்கெதுக்கு அந்த வம்பு?" என்று அடுக்களையிலிருந்து தையலம்மாவின் குரல் வந்தது.

மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த படத்தைக் காட்டினாள். மெத்தை மெத்தையாக இல்லை, ரொட்டித் துண்டு மாதிரி இருக்கிறது என்றார். அதற்கடுத்தது உறை அழுக்கு. இன்னொன்றில் மெத்தை நன்றாக இருந்தது, வாடகைதான் கட்டிலை விட உயரம்.

"இது கடைசி மாமா. மாடி அறை. சமையல் மேடை இருக்கு. கடலுக்கு நடந்தே போயிடலாம். இதையும் வேண்டாம்னா நான் ராஜினாமா."

பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தை வாங்கிப் பார்த்தார். விரலால் இழுத்துப் பெரிதாக்கினார். மறுபடி பெரிதாக்கினார்.

"ம்."

"ம்னா?"

"ஓரம் நேரா நிக்குது. நாலு மூலையும் சமமா இருக்கு. படுக்கத் தெரிஞ்சவன் போட்ட மெத்தைம்மா இது. நம்ம கடை வாசனையே அடிக்குது."

"போன்லயா மாமா?"

"கேலி பண்ணாத. இதையே போட்டுடு."

அவர் மனசு மாறுவதற்குள் மருமகள் அந்த இடத்துக்குப் போன் போட்டாள். சீசன் இல்லை, வார நாள், வயசானவர்கள், அறையும் காலியாகத்தானே கிடக்கிறது என்று அவள் ஒவ்வொன்றாக எடுத்து வைக்க, மறுமுனையில் இருந்தவர் இறங்கி இறங்கி வந்தார். போனை வைத்தபோது அவள் முகத்தில் ஒரு கோப்பை வென்ற பெருமிதம்.

"பேரம் பேசறது நம்ம குடும்பத்துக்கு அழகில்ல" என்றார் பெரியவர்.

"நம்ம கடையில தினமும் பேசறாங்களே மாமா."

"அது அவங்க பேசறது. நாம கேக்கறதோட சரி."

அவள் தன் பெயரிலேயே அறையைப் பதிந்து முன்பணமும் கட்டிவிட்டாள். படகுச் சீட்டும் எடுத்தாயிற்று. சீசன் இல்லாததால் நாளுக்கு ஒரே படகு, காலையில் புறப்பட்டால் போய்ச் சேர இரவாகும்.

"துணிமணியை அத்தை எடுத்து வச்சுப்பாங்க. உங்களுக்கு வேற என்ன வேணும்?"

"என் தலைகாணி."

"அங்க தலைகாணி இருக்கும் மாமா."

"அது அவங்க தலைகாணி."

அதற்கு மேல் பேச்சில்லை. பெரியவருக்கு ஒரே தலையணைதான். பகல் தூக்கத்துக்குக் கடைக்கு வரும், ராத்திரி அவரோடு வீட்டுக்குத் திரும்பும். வேறெதில் தலை வைத்தாலும் விடிய விடிய விழித்துக் கிடப்பார். வீட்டுக்குள் இருக்கும் பலவீனம் அது. வீட்டுக்கு வெளியே தெரிய வேண்டியதில்லை என்பதால் ஒரு துணிப்பைக்குள் போட்டுத்தான் தூக்கிக்கொண்டு போவார்.

* * *

மதியம் கடையில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வெளியே பள்ளத்தின் குறுக்கே ஒரு பலகை. பலகைக்கு அந்தப் பக்கம் எதிர்க்கடை. அதுவும் மெத்தைக்கடைதான், அதன் ஷட்டரும் பாதி இறங்கித்தான் இருந்தது.

பெரியவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்ப்பதை நிறுத்திப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அவர் பெயரைச் சொல்லி வளர்ந்த தம்பி, இந்தக் கடையில் பஞ்சு அடைக்கக் கற்றுக்கொண்ட தம்பி, ஒரு வாய்த் தகராறுக்குப் பிறகு பள்ளமில்லாத அந்த நாளில் நாலே எட்டில் தெருவைத் தாண்டி எதிர்க்கடை வாசலில் போய் நின்றான். அண்ணன் கண்ணெதிரே நின்று, "வாங்க சார், இங்க வாங்க" என்று வாடிக்கையாளரைக் கூப்பிட்டான். அது போதாதென்று அந்தக் கடைக்காரரின் மகளையே கட்டிக்கொண்டான். தெரு முழுக்கக் கைகொட்டிச் சிரித்தது. பிறகு கடல் தாண்டி எங்கோ போய்ப் பிழைக்கிறான் என்று கேள்வி. எங்கே என்று பெரியவர் கேட்கவில்லை. அவர் கேட்காததால் வீட்டிலும் யாரும் கேட்கவில்லை. வீட்டில் அவனுக்குப் பெயர் கிடையாது. சொல்லித்தான் தீர வேண்டுமென்றால் 'சின்னவன்'.

பின்னறையில் தையல் மெஷின் கடகடத்தது. தையலம்மா பயணத்துக்குப் புதுத் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள். புருஷனின் தலையணை கடல் தாண்டிப் போகும்போது பழைய உறையோடு போகக் கூடாது அவளுக்கு.

சாப்பாட்டு இடைவேளையில் மருமகள் பலகையைத் தாண்டி உள்ளே வந்தாள். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"அத்தை, அந்த ரூம்காரர் ஒழுங்கான ஆள்தானான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு."

"ஏன்மா, என்ன சொன்னார்?"

"படகு வர லேட்டாகுமே, ராத்திரி கதவைத் திறந்து விட ஆள் இருக்குமான்னு கேட்டேன். 'நாங்க தூங்கிட்டாலும் கவலைப்படாதீங்கம்மா, மாமனார் கதவுக்குப் பின்னால தொங்கிக்கிட்டிருப்பார்'ங்கிறார்!"

"என்னது?"

"சாமி சத்தியமா அத்தை! 'கையை உள்ள விட்டு அவரை எடுத்துக்குங்க, காலையில மறக்காம திரும்ப மாட்டிடுங்க'ன்னு வேற சொன்னார். மனுஷனை ஆணியில மாட்டுவாங்களா? எனக்குப் பேச்சே வரல. சரிங்கன்னு வச்சுட்டேன்." பிறகு பெரியவரைத் திரும்பிப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மாமா, நான் உங்களைச் சொல்றேன்னு நினைச்சுக்காதீங்க."

அவள் எதிர்பார்த்தது சிரிப்பை. சிரிப்பு வரவில்லை. தையல் மெஷின் நின்றுவிட்டது.

பெரியவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காது மடல்கள் சிவந்திருந்தன.

உலகத்தில் எத்தனையோ வீடுகளில் மாற்றுச் சாவி இருக்கும். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கவும் தொங்கும். அதை 'மாமனார்' என்று கூப்பிடும் வீடு ஒன்றே ஒன்றுதான். கூப்பிட்டுக்கொண்டிருந்த வீடு. சின்னவன் தெருவைத் தாண்டிய அன்று பெரியவர் அந்த வார்த்தையைத் தடை செய்தார். 'மாமனார்' என்ற சத்தம் கேட்டாலே எதிர்க்கடைக்காரர் முகம் வந்து நின்றது அவருக்கு. அன்றிலிருந்து அது 'அந்த இன்னொரு சாவி'. இரண்டு வருடத்துக்கு முன்பு வந்த மருமகளுக்கு இது தெரிய நியாயமில்லை.

"ரத்து பண்ணு" என்றார்.

"மாமா?"

"அந்த ரூம் வேண்டாம். ரத்து பண்ணு."

"ஐயோ, முன்பணம் போயிடும். இனிமே நம்ம கைக்கு எட்டற மாதிரி வேற இடமும் கிடைக்காது. என்ன மாமா ஆச்சு?"

"அது சின்னவன் வீடு."

மருமகள் ஒரு மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கல்யாணமாகி வந்த புதிதில் புருஷன் அவளிடம் சொல்லி வைத்த முதல் எச்சரிக்கையே சின்னவனைப் பற்றிப் பேசக் கூடாது என்பதுதான்.

பெரியவர் பின்னறைப் பக்கம் திரும்பினார். "நீதான் இதைத் தேடி எடுக்கச் சொன்னியா?"

"நானா?" தையலம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். "நீங்கதான் எடுத்தீங்க. படுக்கத் தெரிஞ்சவன் போட்ட மெத்தைன்னு யார் சொன்னது? நான் அடுக்களையில இருந்தேன்."

பெரியவர் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அந்தாளோட பொண்ணைக் கட்டிக்கிட்டு, இன்னும் சாவிக்கு அந்தப் பேரையே சொல்லிக்கிட்டிருக்கான்" என்றார் பெரியவர். "யாரைக் குத்திக் காட்ட?"

"யாரையும் இல்லைங்க." அவள் எழுந்து வந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் வர முடிந்தது. "அந்தப் பேர் எப்படி வந்ததுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"விளையாட்டுக்கு வச்சது."

"விளையாட்டுக்குத்தான். யாரை வச்சு விளையாடினது?"

பெரியவர் வேட்டியில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டார். அவளே மருமகளிடம் திரும்பினாள்.

"எங்கப்பாம்மா அது. என்னைப் பார்க்க வருவார். வந்தா நேரா உள்ள வர மாட்டார். சம்பந்தி வீடாச்சே, சாப்பிடற நேரமா இருக்குமோ, பேசிக்கிட்டிருப்பாங்களோன்னு கூச்சம். திறந்திருக்கிற கதவுக்குப் பின்னாலயே நிப்பார். யாராவது பார்த்தாத்தான் உண்டு. ஒரு தடவை மழையில முழுசா நனைஞ்சு நின்னார், யாரும் பார்க்கல. எனக்குமே தெரியல."

"அய்யோ."

"அன்னிக்கு ஸ்கூல்லருந்து வந்த சின்னவன்தான் பார்த்தான். பையைத் தூக்கிப் போட்டுட்டு, கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு உள்ள வந்தான். 'அண்ணி, உங்கப்பா கதவுக்குப் பின்னால சாவி மாதிரி தொங்கறார்'னு சொன்னான். எங்கப்பாவே விழுந்து விழுந்து சிரிச்சார். அதுக்கப்புறம் வீடு, கடை ரெண்டுலயும் கதவுக்குப் பின்னால தொங்கற மாத்துச் சாவிக்கு மாமனார்னு பேர். அதுக்கப்புறம் அவன் ஸ்கூல்லருந்து வந்தா, எங்கப்பா நிக்கறாரான்னு கதவுக்குப் பின்னால எட்டிப் பார்த்துட்டுத்தான் உட்காருவான்."

அவள் புருஷன் பக்கம் பார்த்தாள். குரல் உயரவில்லை. அவள் குரல் எப்போதும் உயராது.

"அவனை வீட்டுக்குள்ள விடாதேன்னு சொன்னீங்க, சரின்னேன். பேரைச் சொல்லாதேன்னு சொன்னீங்க, அதுக்கும் சரின்னேன். அந்த வார்த்தையையும் சொல்லாதேன்னீங்க பாருங்க, அன்னிக்கு நீங்க வெளியே அனுப்பினது எங்கப்பாவையும்தாங்க. எதிர்க்கடைக்காரர் பேரா அது? எங்கப்பா பேருங்க."

வெளியே பள்ளத்துக்குள் யாரோ மண்வெட்டியைப் போட்ட சத்தம் கேட்டது.

பெரியவர் எழுந்தார். "அந்தப் போனைக் குடு" என்று மருமகளிடம் கை நீட்டினார்.

"ரத்து பண்ணவா மாமா?"

"பண்ணுனா நான்தான் பண்ணணும். அது அவனுக்கும் மரியாதை, எனக்கும் மரியாதை."

* * *

அடுக்கி வைத்த மெத்தைகளுக்கு நடுவே ஓர் இடுக்கு இருந்தது. கடையிலேயே சத்தம் வெளியே போகாத இடம் அதுதான். பெரியவர் அங்கே போய் நின்றுகொண்டு போனைக் காதில் வைத்தார்.

"சொல்லுங்கம்மா, வேற ஏதாவது கேக்கணுமா?"

அதே குரல். கொஞ்சம் தடித்திருந்தது. ஆனால் கேள்வியின் கடைசியில் மேலே ஏறும் அந்த இழுப்பு அப்படியே இருந்தது.

பெரியவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அந்தப் பொண்ணு இல்ல. நாளைக்கு வந்து தங்கறவங்கள்ல ஒருத்தர் பேசறேன்."

மறுமுனை கப்பென்று அடங்கியது. ஏதோ இரைந்தது. கடலா, மின்விசிறியா, தெரியவில்லை.

"சொல்லுங்க... சார்."

அந்த 'சார்' எங்கேயோ போய்க் குத்தியது. தான் சொல்ல வந்தது ஒரே வாக்கியம் என்று பெரியவருக்கு நன்றாக நினைவிருந்தது. ரூம் வேண்டாம். அவ்வளவுதான். வாயைத் திறந்தார்.

"அந்த மெத்தை எங்க வாங்கினது?"

"மெத்தையா சார்?"

"காது கேக்கலையா?"

"கேக்குது சார். எங்க கடையில வாங்கினதுதான்."

"எங்க கடைன்னா? உன் மாமனார் கடையா?"

கேட்ட பிறகுதான் உறைத்தது. அறை எடுக்கிற முன்பின் தெரியாத ஆளுக்கு, வீட்டுக்காரனின் மாமனார் கடை வைத்திருப்பது எப்படித் தெரியும்? பெரியவர் பல்லைக் கடித்தார். மறுமுனையும் அதைக் கண்டுகொள்ளாதது போலவே பேசியது.

"இல்ல சார். எங்க அண்ணன் கடை. மாமனார் சும்மாவே தர்றேன்னார், நான்தான் வாங்கிக்கல. நம்ம ரூமுக்கு வர்றவங்க நல்லாத் தூங்கணுமில்ல? சரக்கு ஏஜென்ட் ஒருத்தரை அனுப்பி மொத்தமா வாங்கினேன். நானே போயிருந்தா குடுத்திருக்க மாட்டார்."

பெரியவருக்கு நினைவு வந்தது. போன வருடத்துக்கு முந்தின வருடம் ஒரு ஏஜென்ட் வந்து பேரம் பேசாமல் மொத்தமாக எடுத்துப் போனார். எந்த ஊருக்கு என்று கேட்டதற்கு, நல்ல இடத்துக்குத்தான் போகிறது என்று மட்டும் சொன்னார். அந்த வாரம் முழுக்க பெரியவர் தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்திருந்தார்.

"குடுத்திருப்பார்" என்றார் இப்போது.  "கடைக்கு வந்தவனை மெத்தை இல்லைன்னு திருப்பி அனுப்பற கடை இல்ல அது. உட்காருன்னு சொல்லியிருக்க மாட்டார். அவ்வளவுதான்."

"அது போதுமே சார். நின்னுக்கிட்டே வாங்கியிருப்பேன்."

 பெரியவர் பக்கத்து மெத்தையின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே நின்றார்.

"வாடகையை அந்தப் பொண்ணு பேரம் பேசிக் குறைச்சிருக்கு" என்றார். "அது செல்லாது. முழுசா வாங்கிக்க."

"சீசன் இல்ல சார், எல்லாருக்குமே குறைச்சுத்தான்..."

"எல்லாரும் வாங்கிக்கட்டும். நாங்க காசு குடுத்துத் தங்க வர்றவங்க. விருந்தாட வரல. புரியுதா?"

"புரியுது சார்." அந்தக் குரலில் இருந்தது சிரிப்பா, வேறெதுவுமா, பிரித்துப் பார்க்கப் பெரியவருக்கு விருப்பமில்லை. "ஒரு விஷயம் சொல்லிடறேன். கீழ் வீட்டுல எங்க சொந்தக்காரர் ஒருத்தரும் இந்த வாரம் வந்து தங்கறார். உங்களுக்குத் தொந்தரவு இருக்காது. மாடிக்குத் தனி வழி."

"யார் இருந்தா எங்களுக்கென்ன? வச்சிடறேன்."

"சார்..."

"என்ன?"

"தலைகாணியை மறந்துடாதீங்க. உங்களுக்கு வேற தலைகாணி ஆகாதே."

 போன் தானாக அணைந்த பிறகும் பெரியவர் அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மெத்தைகளின் இடுக்கில் நின்றிருந்ததால் அவர் முகத்தை யாரும் பார்க்கவில்லை. அதுவும் நல்லதற்குத்தான்.

* * *

வெளியே வந்தபோது இரண்டு பெண்களும் எழுந்து நின்றிருந்தார்கள்.

"என்ன சொன்னீங்க?" என்றாள் தையலம்மா.

"முழு வாடகை தர்றேன்னு சொல்லிட்டேன்."

"மாமா!" மருமகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "தொண்டை வத்திப் போற அளவுக்குப் பேசிக் குறைச்சேன். ரத்து பண்றேன்னு போனை வாங்கிட்டுப் போய் வாடகையை ஏத்திட்டு வந்திருக்கீங்களே! இப்படி ஒரு பேரத்தை நான் எங்கயும் பார்த்ததில்ல."

"பேரம் இல்ல. மரியாதை."

"அப்போ போறோமா?" என்றாள் தையலம்மா. கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

"முன்பணம் கட்டியாச்சே. பணத்தைக் கடல்ல போட முடியுமா?" என்று விறைப்பாகச் சொன்னார் பெரியவர். பிறகு விறைப்பு கொஞ்சம் தளர்ந்து, "காலை நனைச்சுக்க. நான் மணல்ல உட்கார்ந்திருப்பேன்" என்றார்.

அவள் தலையாட்டினாள்.

"அந்த மெத்தை நம்ம கடையோடது" என்றார், யாரிடமோ சொல்வது போல. "ஏஜென்ட் ஒருத்தர் மொத்தமா எடுத்துட்டுப் போனாரே, அதுதான். அவன் வாங்கினதாம். எதிர்க்கடையில சும்மா குடுத்தும் வேண்டாம்னுட்டானாம்."

தையலம்மாவுக்கு அது உள்ளே இறங்கச் சிறிது நேரம் ஆயிற்று. "அப்போ உறை நான் தைச்சதா?"

"பின்ன யார்?"

"நல்லா இருக்கே கதை. நான் தைச்சதுல நானே படுக்கறதுக்குக் கடல் தாண்டிப் போகணுமா?" என்றாள். சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். பாதியில் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மருமகள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு தானும் மூக்கை உறிஞ்சினாள், எதற்கென்று முழுசாகத் தெரியாமலே.

பெரியவர் ஒன்றும் பார்க்காதவர் போலப் பின்னறைக் கதவுக்குப் பின்னால் கையை விட்டார். ஆணியிலிருந்து மாற்றுச் சாவியை எடுத்துக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தார். பிறகு மருமகளிடம் நீட்டினார்.

"நாங்க வர்ற வரைக்கும் கடைச்சாவி உன்கிட்ட இருக்கட்டும்."

"சரி மாமா. இந்த இன்னொரு சாவியை எங்க..."

"இன்னொரு சாவி இல்லம்மா." அவர் அதை அவள் கையில் வைத்தார். "மாமனார். பத்திரமா வச்சுக்க."

தையலம்மா மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள். மெஷின் மறுபடி கடகடக்கத் தொடங்கியது. ஊசியில் நூல் இல்லை என்பதை யாரும் அவளிடம் சொல்லவில்லை.

* * *

வெளிச்சம் குறையும் நேரத்தில் பள்ளம் தோண்டுகிறவர்கள் கை கால் கழுவிக்கொண்டு கிளம்பினார்கள். பெரியவர் ஷட்டரை இறக்கினார். ஒரு வாரத்துக்கான இறக்கம் என்பதால் அது வழக்கத்தைவிட அதிகமாகக் கிறீச்சிட்டது. பூட்டிவிட்டு நிமிர்ந்தார். புது உறை போட்ட தலையணை அவர் கக்கத்தில் இருந்தது. உறை கசங்கிவிடும் என்று தையலம்மா இன்றைக்குத் துணிப்பையில் போட விடவில்லை.

எதிர்ப்பக்கமும் ஒரு ஷட்டர் கிறீச்சிட்டது.

பன்னிரண்டு வருடமாகத் திரும்பாத கழுத்து, ஏனோ இன்று தன் போக்கில் திரும்பிவிட்டது.

எதிர்க்கடைக்காரர் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. பள்ளம் அவர் வாசலையும்தான் தின்றிருந்தது. அவருக்கும்தான் ஒரு வாரம் விடுமுறை. காலடியில் விலைச்சீட்டுகூடப் பிரிக்காத புதுப் பெட்டி ஒன்று நின்றது. கக்கத்தில் வெள்ளை உறைக்குள் கனமாக, மெத்தென்று, நடுவில் தலை பதிந்த தடத்தோடு ஒரு பொருள். மெத்தை வியாபாரத்தில் முடி நரைத்த எவரும் அதை இன்னொரு முறை பார்க்க வேண்டியதில்லை.

தலையணை.

'கீழ் வீட்டுல எங்க சொந்தக்காரர் ஒருத்தர்.' பெரியவருக்கு இப்போதுதான் விளங்கியது. கதவுக்குப் பின்னால் தொங்கும் மாமனார் ஒருவர். கீழ் வீட்டில் வந்து இறங்கப்போகும் மாமனார் இன்னொருவர்.

"என்னங்க" என்று தையலம்மா அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டாள். "நாளைக்கு ஒரே படகுதானே?"

பெரியவர் தலையணையை இறுக்கிக்கொண்டார்.

பள்ளத்துக்கு அப்பால் நின்றவர் பெட்டியைத் தூக்கினார். ஓர் அடி வைத்தார். நின்றார். அத்தனை வருடத்தில் முதல் தடவையாக அந்தத் தெருவின் குறுக்கே ஒரு பேச்சு வந்து விழுந்தது.

"படகுல மேல் தட்டுல காத்து ஜாஸ்தி. தலைகாணியைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க."

சொல்லிவிட்டு அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். சின்னவன் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னது அக்கறையா, குத்தலா? பெரியவரால் சொல்ல முடியவில்லை. அதைக் கண்டுபிடிக்க நாளை ஒரு பகல் முழுக்க, இறங்கிப் போக இடமில்லாத ஒரு படகில், அவருக்கு நேரம் இருந்தது.